இருபத்தெட்டு முறை விழுந்தவர்

அன்புள்ள அப்பா,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா சுகர் மாத்திரையைத் தவறாமல் போடுகிறார்களா?

டிரைவிங் டெஸ்டில் மூன்றாம் முறையும் ஃபெயில். பயப்படாதீர்கள், எங்கும் இடிக்கவில்லை. லேன் மாறும்போது தலையைத் திருப்பிப் பார்க்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் கூட வேலை பார்க்கும் விஷாகா, தன் வீட்டில் ஒரு ஜப்பானிய டிவி நிகழ்ச்சி போட்டாள். நடுவயது நகைச்சுவைக்காரர் ஒருவர் பழைய வீடியோ கேம் ஆடுகிறார். ஒரே பள்ளத்தில் இருபத்தெட்டு முறை விழுந்தார்.

“உன்னை மாதிரியேடி,” என்று விஷாகா சிரித்தாள்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. “அவர் விழுந்தா, இன்னொரு தடவை ட்ரை பண்ணுங்கன்னு சொல்ல பக்கத்துலயே ஷோ ஆளுங்க பத்து பேர் இருக்காங்க. எனக்கு யாரு இருக்கா?” என்று கத்திவிட்டேன்.

விஷாகா டிவியை அணைத்துவிட்டு, கார் சாவியை எடுத்தாள். காலியான பார்க்கிங் லாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். அங்கேயும் இரண்டு முறை திரும்பிப் பார்க்க மறந்தேன்.

மாமா அமெரிக்கா வரும்போது எலுமிச்சை ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் டெஸ்ட். உங்களுக்கு அப்போது இரவு ஒன்பது மணி இருக்கும். முடிவு எதுவானாலும் கூப்பிடுவேன், தூங்கிவிடாதீர்கள்.

விஷாகா வாசலில் ஹாரன் அடிக்கிறாள்.

ஸ்டெஃபி