ஏரி சாயும் பக்கம்

ஏப்ரல் 9
இன்னும் எத்தனை ஆண்டில் பெய்ப்சி ஏரி நம் இடுகாட்டை எடுத்துக்கொள்ளும்? நிலவியல் படித்தவள் என்று ஊர்க் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் அன்ஃபீசா, என் நாத்தனார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: பனியுகம் அழுத்திவைத்த வட நிலம் இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது; தட்டின் ஒரு ஓரத்தைத் தூக்கினால் நீர் மறுபக்கம் ஓடுவதுபோல ஏரி நம் தெற்குக் கரைக்குச் சாய்கிறது. பழைய வரைபடத்தில் வீடுகள் இருந்த இடத்தில் இன்று வலை போடுகிறார்கள். இடுகாட்டின் கடைசி வரிசையில், நீருக்குப் பத்தடி தள்ளி, என் கணவன் லியோந்தி. மேட்டுக்கு மாற்ற வேண்டும். அதற்கு அவன் தங்கையும் கையெழுத்திட வேண்டும்.

"படுத்த இடத்துலேர்ந்துதான் அண்ணன் எழுந்திருக்கணும், அண்ணி. தீர்ப்பு நாள்ல அவனை வழி தெரியாம அலைய விடுவீங்களா?"

ஏப்ரல் 12
அவள் வீட்டுக்குப் போனேன். நடுவதற்கு வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. தேநீர் நீலக் குவளையில் வந்தது. பழைய சடங்குகளை விடாத இந்த ஊர்க் கிறிஸ்தவர்கள், பழைய நெறிக்காரர்கள், வெளியாள் வாய் வைத்த பாத்திரத்தைத் தங்களுடையதோடு சேர்க்கமாட்டார்கள். மணமானால் நான் வெளியாள் இல்லை என்று நினைத்தேன். இருபத்திரண்டு ஆண்டு, அதே குவளை.

காகிதத்தை நீட்டினேன்.

"ஏரியை அளக்கத் தெரியுது. பக்கத்துல படுத்திருந்தவனுக்கு நெஞ்சுவலின்னு தெரியல."

எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 13
அவ என்னத்தக் கண்டா? தூங்கிட்டிருந்தேன். அவன் கூப்பிடல. கூப்பிட்டானோ — தெரியாது. இதுவும் தெரியாது.

ஏப்ரல் 17
வடக்குக் காற்று. ஏரியில் உறைந்திருந்த பனி உடைந்து நகர்கிறது. வழிபாடு நடத்தும் சவ்வாத்தி, இந்த வருஷம் பயமில்லையே என்று கேட்டார். ஏரி அவ்வளவு அவசரப்படாது, என் கணக்கு நூற்றாண்டுகளில் என்றேன்.

ஏப்ரல் 18
தவறு. மதியம் காற்று ஏரியின் பனிப்பாளங்களைத் தள்ளிக் கரையேற்றியது. கண்ணாடி நொறுங்குவதுபோல் சத்தம், ஆள் உயரத்துக்கு மேல் குவியல். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. இடுகாட்டு வேலி போயிற்று. கடைசி வரிசையில் ஒரு சிலுவைகூட நிற்கவில்லை.

நான் மண்வெட்டியோடு போனபோது அன்ஃபீசா ஏற்கெனவே கடப்பாறையால் பனியைக் குத்திக்கொண்டிருந்தாள். மறுமுனையில் தொடங்கினேன். வெளிச்சம் குறையும் முன் லியோந்தியின் சிலுவை கிடைத்தது, இரண்டு துண்டாக.

"மேட்டுல எந்த இடம்?" என்றாள்.

காட்டினேன்.

"கால்மாட்டுலதான் சிலுவை நடணும். உங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது."

பிறகு பையிலிருந்து தேநீர்க் குடுவையை எடுத்து, தன் குவளையில் ஊற்றிக்கொண்டாள். மறுபடி பைக்குள் கைவிட்டு, துணியில் சுற்றிய ஒன்றைப் பிரித்தாள். நீலக் குவளை.

குடித்தேன். தேநீர் ஆறியிருந்தது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே என் குவளையையும் எடுத்து வைத்திருக்கிறாள்.