படத்தின் கீழே வேறு பெயர்

எவெலெத், மினசோட்டா
9 ஜனவரி 1949

அன்புள்ள வெய்க்கோ அண்ணா,

கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று அம்மா சுட்ட ஏலக்காய் ரொட்டி கல்லாய்க் கிடக்கிறது. விடுதியில் படித்துக்கொண்டிருந்தாயாம்! நம்பிவிட்டேன், போ. உன் சங்கதி ஒன்று என்னிடம் சிக்கியிருக்கிறது. அதற்காக ஒரு காரியமும் செய்திருக்கிறேன். நேரில் வந்தால்தான் காட்டுவேன்.

பனி ஹாக்கி அணியில் உன்னோடு தடுப்பாட்டம் ஆடும் என் ஆல்டோவைப் பார்த்துக்கொள். ஜூனில் கல்யாணம். அதுவரை அவன் பற்கள் மிஞ்ச வேண்டும்.

உன் தங்கை,
ஐலி

ஹார்லோ கல்லூரி, நியூ ஹாம்ப்ஷயர்
27 ஜனவரி

ஐலி,

என் ஹாக்கி முடிந்தது. இனி அணியோடு பனித்தளத்தில் இறங்கக் கூடாது என்று கல்லூரி டீன் சொல்லிவிட்டார். போர் மூன்று வருஷத்தைத் தின்றது. மிச்சமிருந்த ஆட்டமும் போயிற்று.

நான் செய்தது தப்புதான். அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன், யார் பிரிப்பார்களோ. ஆல்டோ ஒருவனுக்குத்தான் அது தெரியும். "போகாதடா, மாட்டிக்குவே" என்றவனும் அவன்தான். டீன் எனக்கு முன்னால் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். "என்னடா சொன்னே?" என்று கேட்டேன். குனிந்து ஸ்கேட் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். எல்லார் முன்னாலும் அறைந்தேன். திருப்பி அடிக்கவில்லை. குற்றமில்லாதவன் அப்படி இருப்பானா? அடுத்த கேப்டன் அவன்தானாம். இப்போது புரிகிறதா?

அவன் போட்ட மோதிரத்தை அவனுக்கே திருப்பி அனுப்பிவிடு.

வெய்க்கோ

எவெலெத்
9 பிப்ரவரி

அன்புள்ள அண்ணா,

மோதிரத்தை அனுப்பிவிட்டேன். நான் காரணம்கூட எழுதவில்லை. "சரி ஐலி" என்று அவனிடமிருந்து ஒரே வரி பதில். மடியில் கனமில்லாதவன் ஏன் என்று கேட்டிருக்க மாட்டானா? இரண்டு நாள் அழுதேன்.

உன் மனம் தேற, ஒளித்து வைத்ததை இப்போதே அனுப்புகிறேன். கனடாவிலிருந்து போர்ட் ஆர்தர் சித்தி உப்பு மீனைச் சுற்றி அனுப்பிய செய்தித்தாளில் உன் படம்! கள்ளா, அங்கே போய் ஆடியிருக்கிறாய். ஆனால் கீழே 'ரே நோலன்' என்று போட்டிருந்தான். அப்பா பெயரைச் சுரங்க ஆபீஸ்காரன் வாயில் நுழையவில்லை என்று வெட்டியது போதாதா? பத்திரிகைக்குக் காட்டமாக எழுதினேன். அடுத்த வாரமே உன் பெயர், கல்லூரிப் பெயர் எல்லாம் போட்டுத் திருத்தினார்கள். உன் அருமை தெரியட்டும் என்று திருத்திய தாளில் ஒன்றை டீனுக்கும் அனுப்பினேன்.

ஐலி

ஹார்லோ
13 பிப்ரவரி

அன்புள்ள ஐலி,

கனடாவில் நான் காசுக்கு ஆடினேன்; காசு வாங்கி ஆடினால் கல்லூரி அணியில் இடமில்லை. அதற்குத்தான் அந்தப் பொய்ப்பெயர். உன்மேல் கோபமில்லை. உன் இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

தாளோடு ஆல்டோவிடம் ஓடினேன். "தெரியும்டா" என்றான். நீ அனுப்பிய தாளை டீன் அவனிடம் உறையோடு காட்டியிருக்கிறார். வாரந்தோறும் உன் கடிதம் படிப்பவனுக்கு உன் கையெழுத்து தெரியாதா?

"அப்புறம் ஏன்டா அடி வாங்கினே?"

"உன் ஆட்டத்தை அவ கெடுத்துட்டான்னு தெரிஞ்சா அவ தாங்குவாளாடா?"

உனக்காக மோதிரத்தைத் திரும்பக் கேட்டேன்.

"நீ சந்தேகப்பட்டே, சரி. அவ என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியேடா" என்றான்.

அதற்குப் பதிலை நீதான் அவனுக்கு எழுத வேண்டும், ஐலி.

உன் அண்ணன்,
வெய்க்கோ