திருப்பாத தட்டு

நவம்பர் 4

அன்பு மகள் குளோரிபெல்லுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ரோமுலோவும் ஏழு கோழிகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், அங்கே அயர்லாந்துக் குளிரில் உன் நெஞ்சுச் சளி இளகி நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். வாரம் தவறாமல் ஃபோனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன் மகளே, உன் முகம் தெரிந்ததும் வெங்காய விலையைப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். லீவு முடிந்து உன் ஊருக்கே திரும்பும் பரேடெஸ் வீட்டுப் பெண்ணிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கருவாட்டுப் பொட்டலத்துக்கு அடியில் இருக்கும்.

ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. நகரம் என்று பலகை வைத்துப் பல வருடம் ஆகிறது, சாக்கடை மட்டும் இன்னும் கிராமமாகத்தான் இருக்கிறது. கடற்கரைக் காவல் கோபுரத்துக்கு மேயர் வெள்ளையடித்திருக்கிறார், பிள்ளைகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், அந்தக் காலத்தில் தெற்கேயிருந்து படகில் வந்து ஆள் பிடித்துப்போன கொள்ளையரைப் பார்த்து மணியடிக்கக் கட்டியது என்று அவர்களுக்கு யார் சொல்வது. ரோமுலோவுக்கு ஜனவரியில் கல்யாணம். நீ வரப்போவதில்லை என்று சொன்னதாகச் சொன்னான். லீவு கிடைக்கவில்லை என்றாயாம். ஏழு வருடமாக உனக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் நம்புகிறவள் மாதிரியே தலையாட்டி வந்தேன். போன வாரம் பரேடெஸ் வீட்டுப் பெண் வந்து பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், "அக்கா உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல ஆன்ட்டி, தட்டே வாங்கி வைக்கல, கிண்ணத்துல போட்டுக்கிட்டு ஜன்னல் ஓரமா நின்னு சாப்பிடுவாங்க" என்று. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அடுப்படிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டேன்.

அதனால் இதை இனியும் வைத்துக்கொண்டிருக்க முடியாது. உன் அப்பா போன அந்த வெள்ளிக்கிழமை மதியத்தை நீயும் மறந்திருக்க மாட்டாய், ஆனால் நீ பார்த்தது பாதிதான். சாப்பாட்டின் நடுவில் கடற்கரையிலிருந்து ஆள் வந்து, காற்று திரும்பிவிட்டது, தேரியோ, உன் படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போகிறது என்று கத்தினான். அப்பா பாதிச் சோற்றில் எழுந்தார். மேசையிலிருந்து ஒருவர் அப்படி எழுந்து போனால் அவர் படலைத் தாண்டும்வரை மற்றவர்கள் தங்கள் தட்டை வைத்த இடத்திலேயே சுற்றித் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் போனவர் திரும்பமாட்டார், இதை உனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே கையைப் பிடித்துப் பழக்கினவள் நான். வெளிநாடு போகக்கூடாது என்று அவர் சொன்னதற்காக நீ இரண்டு நாளாக அவரோடு பேசாமல் இருந்தாய். படகின் ஒரு பக்கத்து மிதவை மூங்கில் மட்டும் கரையொதுங்கிய அன்று, ஜெபம் சொல்ல வந்த ஊர்சிங் அக்கா எல்லார் முன்னாலும் கேட்டாள், "தட்டத் திருப்பாம இருந்தது யாரு?" என்று. ரோமுலோ உன்னைப் பார்த்தான். அவன் பார்த்ததும் எல்லாரும் பார்த்தார்கள். நீயே கூட உன் கையைப் பார்த்துக்கொண்டாய், திருப்பினோமா இல்லையா என்று உனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நீ திருப்பினாய் மகளே. முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இடது கையால் திருப்பினாய். நான் பார்த்தேன். திருப்பாதவள் நான். காலையிலிருந்து அடுப்பில் வெந்து மீன் குழம்பு வைத்திருக்கிறேன், இந்த மனுஷன் ஒருநாளாவது முழுதாகச் சாப்பிட்டு எழுந்தாரா என்று எரிச்சல். அவர் படலருகே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் தட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "போகட்டும், படகையே கட்டிக்கிட்டு வாழட்டும்" என்று சொன்னேன். அது அவருக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியாது. இதைத்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி ஏழு வருடம் மறைத்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், நம் வீட்டில் இரண்டும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. நீ ஏஜென்சியில் பெயர் கொடுத்துக் கிளம்பியபோது தடுத்துச் சொல்லியிருக்கலாம். வாயிலிருந்து வரவில்லை.

உன்னிடம் சொல்லாதது இன்னொன்றும் உண்டு. அப்பா வருகிறார். ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், இரண்டு மணிக்கு, தெருவே கதவடைத்துத் தூங்கும் நேரத்தில். பின்படியில் தொட்டித் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு கால் கழுவும் சத்தம், இடது கால் இரண்டு தடவை, வலது கால் ஒரு தடவை, அவர் கழுவுவது போலவே. ஓடிப்போய்ப் பார்த்தால் சிமெண்டில் ஈரத்தடம் இருக்கும், யாரையாவது கூப்பிடுவதற்குள் வெயிலில் காய்ந்துவிடும். அப்புறம் உள்ளே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். உப்பு வாடை அடிக்கும். திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஊர்சிங் அக்காவிடம் இதை மட்டும் சொல்லியிருந்தேன். அவள், "அவருக்குன்னு ஒரு மெழுகுவத்தி ஏத்துடி, வழி தெரிஞ்சு போயிடுவாரு" என்பாள். நான் முடியாது என்பேன், கோபுரத்துக் காலத்தில் கொள்ளையர் பிடித்துப்போன ஆட்களுக்கு எந்த வீட்டிலும் மெழுகுவத்தி ஏற்றவில்லையாம், ஏற்றினால் திரும்பும் வழி அடைந்துவிடும் என்று, அதையே சாக்காகச் சொல்லிவந்தேன்.

முந்தாநாள் ஆத்மாக்கள் திருநாளுக்கு ஒட்டரிசியைத் தேங்காய்ப்பாலில் கிண்டி, இறந்தவர்களுக்கு முன்னால் யாரும் வாயில் வைக்காதபடி மூடி வைத்தேன். வாசலில் மெழுகுவத்தி உன் தாத்தாவுக்கு ஒன்று, சின்ன வயதில் போன உன் அண்ணனுக்கு ஒன்று, மூன்றாவதாக அப்பாவுக்கும் ஏற்றினேன். ஜெபத்துக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால், தட்டைத் திருப்பாதவள் நான், என் மகள் இல்லை என்று சொன்னேன். ஊர்சிங் அக்கா ஜெபமாலையை மடியில் போட்டுவிட்டுச் சொன்னாள், "கடல் எடுத்தது ஒருத்தரத்தான், பசிலிசா. இன்னொருத்திய நீயே தூக்கிக் குடுத்திட்டியேடி." ரோமுலோ எழுந்து வெளியே போனான், இன்னும் என்னோடு பேசவில்லை. சரிதான், பேசவேண்டாம்.

மெழுகுவத்தி ஏற்றினால் போய்விடுவார் என்றார்கள். போகவில்லை. இன்று மதியமும் வந்தார். இடது கால் இரண்டு தடவை, வலது கால் ஒரு தடவை. நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன், ஆனால் என் பின்னால் வந்து நிற்கவில்லை. மேசையைச் சுற்றிப்போய் உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். வெகுநேரம் நின்றார். உன்னை வரவழைக்க நான் கட்டும் கதை என்று நீ நினைத்தாலும் தப்பில்லை, என் வார்த்தைக்கு அவ்வளவுதான் மதிப்பு. வா என்று நான் எழுதவில்லை மகளே, அதற்கு எனக்கு வாயில்லை. அவர் யாருக்காக நிற்கிறார் என்று தெரிந்தும் இதையும் மறைக்கக்கூடாது என்றுதான் எழுதினேன்.

மாதாவும் நம் ஊர்ப் புனிதரும் உன்னை நிழல்போலக் காக்கட்டும். ரோமுலோ கூப்பிட்டால் எடு, அவனுக்கும் முந்தாநாள்தான் தெரியும், என்ன சொல்வதென்று தெரியாமல் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

உன் மேல் விழுந்த பழியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த,
உன் அம்மா,
பசிலிசா