தூணில் இல்லாத பெயர்

சின்னவளே,

நம் ஊர்ப் பெயரை மாற்றிவிட்டார்கள். பேருந்துப் பலகையில்கூட இப்போது ‘தியாகிகள் நகர்’தான். வேலைநிறுத்தத்தின்போது ஆலை வாசலில் சுடப்பட்டு இறந்த தொழிலாளிகளுக்குத் தூண் எழுப்பி, போன வாரம் திறந்தார்கள். அன்று அதே வாசலில் கூட்டத்தில் மிதிபட்டு இறந்த காவலாளியின் பெயர் அதில் இல்லை. உன் அப்பா கம்பெனி ஆளாயிற்றே.

வருடா வருடம் அந்த நாளில் கதவைச் சாத்திக்கொள்வேன். இந்த முறை அதே நாளில் தூண் திறப்பு என்றதும் போனேன். அவ்வளவு நெரிசலிலும் என்னைச் சுற்றி மட்டும் இடம் தாராளமாக இருந்தது.

“நாம் யார்? தியாகிகளின் பிள்ளைகள்!” என்று பள்ளிப் பிள்ளைகள் முழங்கினார்கள். உன்னை நினைத்துக்கொண்டேன்.

கூட்டம் கலைந்ததும், அந்தத் துப்பாக்கிச் சூட்டில் கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி என்னிடம் வந்தாள்.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன? யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க.”

சொன்னேன். அவள் தூணைப் பார்த்து அதைச் சத்தமாகச் சொன்னாள். திரும்பிப் பார்த்தவர்களை அவள் சட்டை செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து நானும் ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். ‘என்ன?’ என்று கேட்கத்தான் ஆளில்லை.

உனக்கு லீவு கிடைக்காது, தெரியும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா