மருந்து ஊற்றாத தட்டு

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். உன் மச்சானுக்கு முட்டிவலி, புலம்பலில் மட்டும் குறைவில்லை.

முதலில் ஒரு காரியம் செய். நான் அனுப்பிய வண்ணப் படத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறாயே, அதைக் கழற்றிவிடு. "இதுதான் என் சிறுநீரகத்துல கட்டியை வளக்கிற புரதம், அதோட குழிக்குள்ள உக்காந்து அதை அடக்குறது எங்க அக்காவோட மருந்து" என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவாயாமே. அந்தக் குழியில் மருந்து இல்லை, தம்பி.

நடந்ததைச் சொல்கிறேன். புரதத்தைப் படிகமாக்கி, மருந்தில் ஊறவைத்து, பனி கட்டாமலிருக்கக் கிளிசரினில் முக்கி உறையவைத்துத்தான் எக்ஸ்ரே பிடிப்போம். சென்ற வாரம் ஒரு தட்டில் மருந்து ஊற்ற மறந்துவிட்டேன். படத்தில் பார்த்தால், குழிக்குள் மருந்து இருக்கிறது என்று நாங்கள் எப்போதும் காட்டும் அதே மங்கலான மூட்டம், அதே வடிவம்! மறந்தது தெரியாமல் எனக்குப் பெருமை வேறு. கூட வேலை செய்கிறவள்தான் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "அக்கா, இந்தத் தட்டுல நீங்க மருந்தே ஊத்தலையே, அப்புறம் எப்படி உள்ள வந்துச்சு?" என்றாள். பழைய படங்களையெல்லாம் எடுத்து இதோடு வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை.

இரண்டு வருடமாக மருந்து என்று கொண்டாடியது வெறும் கிளிசரின். அந்த மங்கலான மூட்டத்துக்குள் மருந்தை வரைந்து பொருத்தியது நான்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உன் அக்கா கண்ணுக்கு மங்கியதெல்லாம் மருந்து. வேறு யாருடைய நோயாக இருந்தாலும் இன்னொரு முறை சரிபார்த்திருப்பேன்.

கட்டுரை வந்த பத்திரிகைக்குத் தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் வெட்கம்தான், வலி இல்லை. வலி வேறு. நேற்று உன் மனைவி ஃபோனில் அழுதாள். ஆபரேஷனுக்கு இரண்டு தடவை நாள் குறித்தும், "அக்கா மருந்து வரட்டும், எதுக்கு அவசரப்பட்டு ஒரு கிட்னியை எடுக்கணும்?" என்று தள்ளிப்போட்டாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? கட்டி இன்னும் பரவவில்லை, இனியும் தள்ளினால் தன் பொறுப்பில்லை என்கிறாராம் டாக்டர்.

சின்ன வயதில் நான் கணக்கைத் தப்பாகப் போட்டாலும் அதையே பார்த்து எழுதி, என்னோடு சேர்ந்து அடி வாங்குவாய். இதையும் அப்படி எழுதிவிடாதே, ராஜா. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடு. புதன்கிழமை நான் அங்கே இருப்பேன். என்னைத் திட்டவேண்டியதையெல்லாம் கண் விழித்த பிறகு திட்டு. நூறு வயது வரை உட்கார்ந்து திட்டு.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்,
அக்கா