சூடேறாத கருவி

பவளத்துக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் அண்ணன் "என்ன ஆட்டு டாக்டரே" என்றபோது நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து உன் போனை எடுக்கவில்லை. மூட்டுவலி தேவலையா? அத்தை நலமா?

ஓசூரில் நான் நலம். எங்கள் கம்பெனி செய்யும், மூளைக்குள் பொருத்தும் கருவி, அங்கே எழும் சமிக்ஞைகள் எல்லாவற்றையும் கம்பியில்லாமல் அனுப்பினால் சூடேறும். மாறுவதை மட்டும் சுருக்கி அனுப்பினால் போதும் என்று இரண்டு வருடமாகக் கத்தினேன். மேலாளர் ஸ்ரீராம் கேட்கவில்லை. கருவி பொருத்திய சோதனை ஆடு சூடு தாங்காமல், தீவனத்தைத் தொடாமல் சுருண்டு படுத்த பிறகுதான் என் முறையைக் கருவியில் ஏற்றச் சம்மதித்தார்.

நேற்று ஆட்டைப் பார்த்துக்கொள்ளும் ருக்மணி ஓடி வந்தாள். "சார், எழுந்து நின்னு என் முந்தானைய மெல்லுது சார்!" சமிக்ஞையும் குறையில்லாமல் வந்தது. கழிப்பறைக்குள் போய் அழுதேன். பயப்படாதே, நிம்மதியில்தான்.

ஸ்ரீராம் கைகுலுக்கி, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். அதை மறக்க மாட்டேன்.

இங்கே குளிர் அதிகம். என் நீல ஸ்வெட்டரை அனுப்பு. முடிந்தால் நீயே எடுத்து வா.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. 'உன் கணவன்' என்று எழுத இன்னும் கோபம் விடவில்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.