அப்பன் சொன்னால் கணக்கில்லை

செவ்வாய், இரவு.

நாட்டின் முன்னணி விஞ்ஞானிகள் பட்டியலில் என் மகள் கயல் பெயர் வந்திருக்கிறது. காலை ஷிஃப்டில் சுரங்க கேன்டீன் முழுக்கச் சொல்லிவிட்டேன். கன்வேயரில் என்னோடு வேலை செய்யும் செல்வம் கேட்டான்: "மேல இருக்கிறவங்க ரிட்டயர் ஆனா பாப்பா ஏறிடும் இல்லண்ணே?" எனக்கும் அதே சந்தேகம்தான். கயலுக்கே போன் போட்டேன்.

சிரித்தாள். "இது சீனியாரிட்டி லிஸ்ட் இல்லப்பா. என் ஆராய்ச்சிய எத்தன பேரு அவங்க கட்டுரையில எடுத்துச் சொல்றாங்கன்னு பாத்துப் போடுறது. நம்மள நாமளே சொல்லிக்கினு இருந்தா அத கழிச்சிடுவாங்க."

அப்படியானால் நான் கேன்டீனில் சொன்னதெல்லாம் கழிந்துவிடும். கூச்சமாகிவிட்டது. "ஊரெல்லாம் சொல்லாதீங்கப்பா, அடுத்த வருஷம் பேரு இல்லாமகூட போவலாம்" என்றாள்.

ஷிஃப்ட் முடிந்து சைக்கிள் எடுக்கப் போனேன். அடுத்த ஷிஃப்டுக்கு வந்த, முன்பின் பார்த்திராத ஒருவர் என்னை நிறுத்தினார். "சேதி தெரியுமாங்க? நம்ம மைன்ஸ்ல, கன்வேயர்ல வேல பாக்குற ஒருத்தரு பொண்ணு பெரிய விஞ்ஞானியாம்!"

வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "அப்படிங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சொன்னதை யாராலும் கழிக்க முடியாது.